மழைக்காலச் சளி காய்ச்சலுக்கு முன்பே நடக்கத் தொடங்குங்கள்: சென்னைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

அக்டோபர் வந்தால் வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவர் இருமுவது சென்னையில் பல குடும்பங்களுக்குப் பழகிப்போன விஷயம். எங்கள் வீட்டிலும் பல வருஷம் அப்படித்தான் ஓடியது. "எக்சர்சைஸ் பண்ணுங்க, எதிர்ப்பு சக்தி வரும்" என்று டாக்டரிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் வரை எல்லோரும் சொல்வார்கள். ஆனால் எவ்வளவு நேரம், எந்த வேகத்தில், எந்த மாதம் ஆரம்பிக்க வேண்டும், அதற்கு முன் என்ன டெஸ்ட் எடுக்க வேண்டும், சளி பிடித்துவிட்டால் அன்றைக்கு நடக்கலாமா கூடாதா என்று யாரும் நிதானமாக உட்கார்ந்து சொல்வதில்லை. ஒவ்வொன்றையும் ஆளாளுக்குக் கேட்டும், தேடிப் படித்தும்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

இதுவரை உடற்பயிற்சிப் பக்கமே போகாத, முப்பது வயது தாண்டியவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஏற்கெனவே ஓடுகிறவர்கள் 5, 8 ஆகிய படிகளை மட்டும் படித்தால் போதும்.

1. எது கிடைக்கும், எது கிடைக்காது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

தினமும் நடந்தால் சளியே பிடிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உடற்பயிற்சியும் சுவாசத் தொற்றும் குறித்த 14 ஆய்வுகளை, மொத்தம் 1,377 பேர், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2020-இல் சேர்த்துப் பார்த்தது. எத்தனை முறை சளி பிடிக்கிறது என்பதில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் தொந்தரவின் கடுமையும், மொத்தத்தில் சளியோடு கழியும் நாட்களும் குறையக்கூடும் என்று வந்தது. அமெரிக்காவில் சுமார் ஆயிரம் பேரை 12 வாரம் கவனித்த இன்னொரு ஆய்வில், வாரத்தில் ஐந்து நாளோ அதற்கு மேலோ உடற்பயிற்சி செய்தவர்கள் சளியோடு இருந்த நாட்கள், அசையாமல் இருந்தவர்களைவிட 43 சதவீதம் குறைவு.

கொரோனா சமயத்தில் தெற்குக் கலிஃபோர்னியாவில் 48,440 நோயாளிகளின் பதிவுகளை வைத்துப் பார்த்தபோதும் இதே திசைதான். வாரம் 150 நிமிடம் தொடர்ந்து உடலை அசைத்து வந்தவர்களோடு ஒப்பிட்டால், எதுவுமே செய்யாதவர்கள் ஆஸ்பத்திரியில் சேரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. நடக்கிறவர்கள் மற்ற விஷயங்களிலும் உடம்பைப் பார்த்துக்கொள்கிறவர்களாக இருக்கலாம், அதனால் முழுப் பெருமையையும் நடைக்கே கொடுத்துவிட முடியாது. இருந்தாலும் எனக்கு இது போதுமான காரணம். ஒரு பருவத்தில் பத்து நாள் சளியோடு கழிவது ஐந்தாறு நாளாகக் குறைந்தால், அம்மா அப்பாவுக்கு ஆஸ்பத்திரி வாசல் மிதிக்கும் வாய்ப்பு குறைந்தால், அது சின்ன விஷயமே இல்லை.

உள்ளே என்ன நடக்கிறது என்றால், வேகமாக நடக்கும்போது நோய் எதிர்ப்பு செல்கள், முக்கியமாக வைரஸ் புகுந்த செல்களைத் தேடி அழிக்கும் வகை, இரத்தத்தில் அதிகமாகச் சுற்ற ஆரம்பிக்கின்றன. நடையை நிறுத்திய சில மணி நேரத்தில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் நடப்பதைவிட, வாரம் ஐந்து நாள் அரை மணி நேரம் நடக்கச் சொல்வது இதனால்தான்.

2. காலண்டரை எடுங்கள்: ஜூலை நடுவில் ஆரம்பம்

பெரும்பாலானோர் கோட்டைவிடும் இடம் இது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். சென்னையில் ஃபுளூ அதிகமாகப் பரவுவதும் அதையொட்டிய மாதங்களில்தான். வட இந்தியாவின் கணக்கு வேறு, டெல்லியில் இருக்கும் சொந்தக்காரர் சொல்வதை வைத்துத் திட்டம் போடாதீர்கள்.

பலன் உடனே வராது என்பதையும் இதோடு சேர்த்து யோசியுங்கள். சியாட்டிலில் மாதவிடாய் நின்ற பெண்களை ஒரு வருடம் மிதமான உடற்பயிற்சி செய்யவைத்துப் பார்த்த ஆய்வில், சளி பிடிப்பதில் இருந்த வித்தியாசம் மாதங்கள் போகப்போகத்தான் கூடியது, கடைசி மூன்று மாதத்தில்தான் நன்றாகத் தெரிந்தது. மழை கொட்ட ஆரம்பித்த பிறகு பதறிப்போய் ஷூ வாங்கினால் அந்த வருடத்துக்கு அவ்வளவாக உதவாது. ஜூலை நடுவில் ஆரம்பித்தால் அக்டோபர் நடுவில் 12 வாரம் முடிந்திருக்கும். தேதிகளை இப்படி வைத்துக்கொள்ளலாம்:

ஜூன் கடைசி: டெஸ்ட், ஷூ.
ஜூலை நடு: நடை ஆரம்பம்.
ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பருக்குள்: ஃபுளூ தடுப்பூசி.
அக்டோபர் முதல் வாரம்: வீட்டுக்குள் செய்யும் பயிற்சியைப் பழகிக்கொள்வது, ஏனென்றால் அதற்கப்புறம் ரோடு உங்கள் கையில் இல்லை.

தேதி தாண்டிவிட்டதே என்று அடுத்த வருஷத்துக்குத் தள்ள வேண்டாம். எப்போது ஆரம்பித்தாலும் 6-ஆம் படியில் இருக்கும் முதல் வாரத்திலிருந்து போங்கள், அதை மட்டும் தாண்டாதீர்கள்.

3. யாருக்கு டெஸ்ட் தேவை, என்ன தாள்கள் வேண்டும்

நெஞ்சுவலி, படியேறினால் வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், தலைசுற்றல், மயக்கம் இவை எதுவும் இல்லை, இதயம், சர்க்கரை, சிறுநீரகப் பிரச்சினையும் இல்லை என்றால், மெதுவாக நடக்க ஆரம்பிக்க எந்த டாக்டரிடமும் சான்றிதழ் வாங்க வேண்டியதில்லை. ஆனால் பி.பி.யும் சுகரும் தெரியாமலே நம்மில் நிறையப் பேருக்கு இருக்கின்றன, அதனால் முப்பது தாண்டியவர்கள் இந்த இரண்டையும் மட்டும் பார்த்துவிடுவது நல்லது. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டும் இலவசம். நடமாட முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வரும் பணியாளரிடம் சொல்லி வையுங்கள், வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள்.

மேலே சொன்ன தொந்தரவோ நோயோ இருந்தால் டாக்டரைப் பார்க்காமல் ஆரம்பிக்காதீர்கள். போகும்போது ஒரு ஃபைலில் இவற்றை எடுத்துப் போங்கள்:

கடைசி மருந்துச் சீட்டு, முடிந்தால் மாத்திரை அட்டைகளே.
பழைய பி.பி., சுகர் ரிப்போர்ட்.
ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி.
பழைய ஈ.சி.ஜி.
ஆதார் நகல் ஒன்று, கேட்டால் கொடுக்க.

ஈ.சி.ஜி. பற்றி ஒரு விஷயம். அது வெப்பத்தில் அச்சாகும் வழவழப்பான இளஞ்சிவப்புத் தாள். பிளாஸ்டிக் உறைக்குள் பீரோவில் வைத்திருந்து சில வருஷம் கழித்து எடுத்தால் கோடுகள் மங்கி வெறும் கட்டங்கள்தான் இருக்கும். எடுத்த அன்றே போனில் படம் பிடித்துவிட்டு ஒரு ஜெராக்ஸும் போட்டு வையுங்கள். பழைய ஈ.சி.ஜி.யோடு ஒப்பிட முடிந்தால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது.

டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள், அங்கே இரண்டு நிமிடம்தான் கிடைக்கும். "வேகமா நடக்கலாமா? எந்த அறிகுறி வந்தா நிறுத்தணும்? நடக்கிற நேரத்துக்கு ஏத்த மாதிரி மாத்திரை நேரத்தை மாத்தணுமா?" கடைசிக் கேள்வி சர்க்கரைக்காரர்களுக்கு மிக முக்கியம். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்கு நடக்கும்போது சுகர் சட்டென்று இறங்கலாம், பையில் குளுக்கோஸோ சர்க்கரையோ எப்போதும் இருக்க வேண்டும். ஆஸ்துமாக்காரர்கள் இன்ஹேலர் இல்லாமல் வாசல் தாண்டக் கூடாது.

பல ஆயிரம் ரூபாய் மாஸ்டர் ஹெல்த் செக்கப் எடுத்த பிறகுதான் நடக்கலாம் என்று யாராவது பயமுறுத்தினால், தொந்தரவு இல்லாதவர்கள் தயங்காமல் எழுந்து வந்துவிடலாம்.

4. செலவு

நல்ல ஷூ 1,500 முதல் 3,000 ரூபாய்க்குள் கிடைக்கும். இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மாலையில் போய் வாங்குங்கள், அந்த நேரத்தில் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். நடக்கும்போது போடப்போகும் சாக்ஸையே போட்டுக்கொண்டு, எழுந்து நின்று, பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். சர்க்கரை இருப்பவர்கள் வீட்டுக்கு வந்ததும் பாதத்தைத் திருப்பி, கொப்புளம் ஏதாவது இருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும்.

ஈ.சி.ஜி. தேவைப்பட்டால் தனியார் லேபில் சில நூறு ரூபாய், ஃபுளூ தடுப்பூசி தனியார் கிளினிக்கில் சுமார் 1,500 முதல் 2,500 வரை. இடத்துக்கு இடம் மாறும், போனில் கேட்டுவிட்டுப் போங்கள். ஸ்மார்ட் வாட்ச் தேவையில்லை. ஜிம்மும் தேவையில்லை. வருடச் சந்தா கட்டினால் பாதி விலை என்று சொல்லும் இடத்தில் முதலிலேயே வருடத்துக்குக் கட்டிவிடாதீர்கள், ஒரு மாதம் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எதிர்ப்பு சக்தி பவுடர் என்று டப்பாவில் விற்பதற்கும் காசு ஒதுக்க வேண்டாம்.

5. 'மிதமான' என்றால் எவ்வளவு வேகம்

இந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. கடைக்குப் போவதுபோல் நடப்பது போதாது, நாக்கு தள்ள ஓடுவதும் வேண்டாம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. துணைக்கு வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேசிப் பாருங்கள். மூச்சு கொஞ்சம் வாங்கினாலும் வாக்கியம் உடையாமல் வந்தால் சரியான வேகம். நான்கு சொல்லுக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சிழுத்தால் குறையுங்கள். பிடித்த பாட்டை இரண்டு வரி சுகமாகப் பாட முடிந்தால் கூட்டுங்கள்.

தனியாகப் போகிறவர்கள் காலடியை எண்ணலாம். நிமிடத்துக்கு 100 அடி என்பது மிதமான வேகத்துக்குப் பொதுவான அளவு. பதினைந்து விநாடியில் 25 அடி வருகிறதா என்று பார்த்தால் போதும். நாடித்துடிப்பு பார்க்கத் தெரிந்தவர்கள் 220-இலிருந்து வயதைக் கழித்து, அதில் 64 முதல் 76 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்க்கலாம். 45 வயதுக்காரருக்கு அது 112 முதல் 133 வரை வரும். பி.பி.க்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவர்கள் பேசிப் பார்ப்பதே நல்லது.

ஓடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1987-இல் லாஸ் ஏஞ்சலஸ் மாரத்தான் ஓடியவர்களில் 12.9 சதவீதம் பேருக்கு அடுத்த ஒரு வாரத்தில் சுவாசத் தொற்று வந்தது. அதேபோல் பயிற்சி எடுத்தும் அன்று ஓடாமல் இருந்தவர்களில் 2.2 சதவீதம்தான். கூட்டம், பயணம், தூக்கக் குறைவு எல்லாம் இதில் கலந்திருக்கும் என்று பின்னால் வந்தவர்கள் சொல்கிறார்கள், அந்த விவாதம் முடியவில்லை. ஆனால் சென்னை மாரத்தான் ஜனவரியில் நடக்கிறது, அதற்கான கடும் பயிற்சி நவம்பர், டிசம்பரில், சரியாக ஃபுளூ பரவும் மாதங்களில் வந்து விழுகிறது. முதல் வருடத்திலேயே நண்பர்கள் இழுக்கிறார்கள் என்று பெயர் கொடுத்துவிடாதீர்கள்.

6. வாரம் வாரமாக

இலக்கு, உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வாரம் 150 முதல் 300 நிமிடம். கீழ்வரம்பே போதும், அதாவது அரை மணி நேரம், ஐந்து நாள்.

முதல் இரண்டு வாரம் 10–15 நிமிடம், ஐந்து நாள். வேகத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம், எழுந்து வெளியே வந்தாலே போதும்.
மூன்று, நான்காம் வாரம் 20 நிமிடம், நடுவில் பத்து நிமிடம் மட்டும் வேகமாக.
ஐந்து, ஆறாம் வாரம் 25 நிமிடம்.
ஏழாம் வாரத்திலிருந்து 30 நிமிடம். முதல் ஐந்தும் கடைசி ஐந்தும் மெதுவாக.
எட்டாம் வாரத்திலிருந்து வாரம் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது போன்றவற்றைச் சேர்க்கலாம்.

சமையலறைக் காலண்டரில் நடந்த நாளில் 'ந', சளியோ இருமலோ இருந்த நாளில் 'ச' என்று எழுதி வாருங்கள். டிசம்பரில் திருப்பிப் பார்க்க உதவும், டாக்டரிடம் போனால் "எத்தனை நாளா இருமல்?" என்ற கேள்விக்குச் சரியான பதிலும் இருக்கும்.

7. எங்கே, எப்போது நடப்பது

ஜூலையில் சென்னையில் ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் விடியும். ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள், அதற்கு மேல் வெயில் விடாது. மாநகராட்சிப் பூங்காக்கள் காலையும் மாலையும் சில மணி நேரம்தான் திறந்திருக்கும், நேரம் வாசலில் எழுதியிருக்கும். சில பூங்காக்களில் நடைப்பயிற்சிக்கு மாதாந்திர அட்டை உண்டு. கேட்டுக்கொண்டு போட்டோவும் அடையாள அட்டை நகலும் எடுத்துப் போனால் இரண்டாவது முறை அலைய வேண்டாம். 2023 நவம்பரில் மாநில அரசு ஆரம்பித்த 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை ஒதுக்கியிருக்கிறார்கள், சென்னையில் அது பெசன்ட் நகரில் இருக்கிறது. எட்டையும் முடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, ஒரு பகுதி நடந்து திரும்பலாம்.

திறந்தவெளிதான் நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2020 பிப்ரவரியில் தென்கொரியாவின் சோனான் நகரில், மூடிய அறைகளில் நடந்த உடற்பயிற்சி நடன வகுப்புகள் வழியாக 112 பேருக்குக் கொரோனா பரவியது. தொற்று இருந்த பயிற்சியாளர்களில் ஒருவர் நடத்திய யோகா, பிலாடிஸ் வகுப்புகளில் யாருக்கும் பரவவில்லை. சின்ன அறை, நிறையப் பேர், மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும் பயிற்சி, மூன்றும் சேரும்போதுதான் ஆபத்து. மழைக்காலத்தில் ஜன்னல் மூடி ஏசி போட்ட ஜிம்முக்குத்தான் போயாக வேண்டும் என்றால், கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள்.

காற்றையும் பார்க்க வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் காற்றுத் தரக் குறியீடு 200-ஐத் தாண்டினால் அன்று வெளியே வேண்டாம். ஆஸ்துமாக்காரர்கள் 100 தாண்டினாலே குறைத்துக்கொள்ளுங்கள். தீபாவளி இரவுக்கு மறுநாள் காலையும் போகி காலையும் செயலியைப் பார்க்கவே தேவையில்லை, வீட்டுக்குள்ளேயே இருங்கள்.

மழை நாளில் அடுக்குமாடி வராந்தா, மாடிப்படி, நின்ற இடத்தில் முழங்காலைத் தூக்கி நடப்பது, சூரிய நமஸ்காரம், எதுவானாலும் அரை மணி நேரம். மொட்டைமாடி வேண்டாம், பாசி வழுக்கும். தேங்கிய தண்ணீரில் இறங்கி நடக்கவே நடக்காதீர்கள். கீழே மூடி இல்லாத கால்வாய் இருக்கிறதா என்று தெரியாது, எலிக்காய்ச்சல் பரவுவதும் அப்படித்தான்.

8. சளி பிடித்துவிட்டால்

இங்கேதான் நிறையப் பேர் பிடிவாதம் பிடிக்கிறார்கள், ஐந்து நாள் கணக்கு கெட்டுவிடுமே என்று. மூக்கொழுகல், தும்மல், லேசான தொண்டைக் கரகரப்பு மட்டும் இருந்தால் பாதி நேரம் மெதுவாக நடக்கலாம், ஆனால் தனியாக. மற்றவர்களுக்குக் கொடுக்காமல் இருப்பதும் நம் பொறுப்பு.

காய்ச்சல், உடம்புவலி, நெஞ்சுச் சளி, மூச்சுவாங்கல் இருந்தால் முழு ஓய்வு. வைரஸ் காய்ச்சலோடு உடம்பை வருத்தினால் அரிதாக இதயத் தசையில் அழற்சி வரலாம், அந்த அபாயத்தை எடுக்கவே கூடாது. பாராசிட்டமால் போட்டதும் உடம்பு லேசாகி, சரியாகிவிட்டது என்று தோன்றும். அது மாத்திரையின் வேலை. மாத்திரை இல்லாமல் ஒரு முழு நாள் காய்ச்சல் வராமல் இருந்த பிறகுதான் ஆரம்பிக்க வேண்டும், அதுவும் முதல் வாரத்து அளவிலிருந்து. ஃபுளூவோ கொரோனாவோ வந்து போயிருந்தால் இன்னும் சில நாள் விட்டு ஆரம்பியுங்கள். திரும்ப நடக்கும்போது நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம் வந்தால் அன்றே டாக்டர்.

இன்னொன்று, மழைக்காலக் காய்ச்சல் எல்லாமே ஃபுளூ இல்லை. டெங்குவும் இதே மாதங்களில்தான் வரும். காய்ச்சல் இரண்டு மூன்று நாளைத் தாண்டினால் இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள், அதுவரை வலிக்கு ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் எதுவும் கடையில் வாங்கிப் போடாதீர்கள்.

9. கூடவே இரண்டு: தூக்கம், தடுப்பூசி

காலை ஐந்தரைக்கு எழ வேண்டும் என்று தூக்கத்தை வெட்டாதீர்கள். அமெரிக்காவில் தன்னார்வலர்களின் மூக்கில் சளி வைரஸ் சொட்டு விட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2015-இல் வெளியானது. ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு, ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைப்போல் நான்கு மடங்கு இருந்தது. இரவு பன்னிரண்டு வரை வேலை இருக்கிறவர்கள் காலை நடையை விட்டுவிட்டு மாலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

நடை, தடுப்பூசிக்குப் பதில் இல்லை. வயதானவர்கள், சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரிடம் கேட்டுக் கட்டாயம் போட்டுக்கொள்ள வேண்டும். ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும், அதனால்தான் செப்டம்பருக்குள் என்றேன். போடும் முன் பெட்டியை வாங்கிப் பாருங்கள், எந்தப் பருவத்துக்கானது, காலாவதி எப்போது என்று அச்சிட்டிருக்கும். தேதியையும் பேட்ச் எண்ணையும் அட்டையில் எழுதி வாங்கி, அதே ஃபைலில் வையுங்கள். ஃபுளூ ஊசி வருடத்துக்கு ஒருமுறை போட வேண்டியது, அடுத்த ஆகஸ்டில் அந்த அட்டையைத்தான் முதலில் கேட்பார்கள்.